மனக்கண்ணுக்குத் தப்பிய ரொட்டி

ஓஷ் நகரத்தில் அந்த வசந்த காலம் முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு மரியாதை இல்லாமல் போயிற்று.

காரணம் கெரிம்பெக் உஸ்தாத். உஸ்தாத் என்றால் ஆசான். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவரொட்டியில் அச்சடித்திருந்தது, போதாதா?

கடைவீதியில் கால் வைத்தால் அந்தச் சுவரொட்டிதான். கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன். அவன் நெற்றியிலிருந்து லாரி விளக்கு மாதிரி ஒளி அடிக்கிறது. கீழே: "உங்கள் குழந்தையின் மனக்கண்ணைத் திறக்கிறோம். எதையும் படமாகப் பார்க்கும். கற்பனை பெருகும். ஓவியராகும், விஞ்ஞானியாகும், தேர்வில் முதலாவதாக வரும்." இதில் ஒன்றையாவது வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்?

ஆற்றங்கரைக் கல்யாண மண்டபத்தில் வகுப்பு. மூன்று கல்யாணங்கள் வேறு இடம் தேடிப் போயின. வாசலில் கூட்டம் தள்ளுமுள்ளு. கட்டணம் ஓர் ஆட்டின் விலை. நோஞ்சான் ஆடு அல்ல, விருந்துக்கு அடிக்கிற கொழுத்த ஆடு.

உள்ளே உஸ்தாத் ஒரு பையனை நிறுத்தி, கறுப்பு வெல்வெட் முகமூடி கட்டுவார். "தலையைக் கொஞ்சம் நிமிர்த்து, கண்ணு. கற்பனை மேலேருந்துதான் இறங்கும்." பையன் மோவாயைத் தூக்குவான். அவன் கையில் செய்தித்தாளைக் கொடுப்பார். பையன் அதை இடுப்பருகில் பிடித்துக்கொண்டு கடகடவென்று வாசிப்பான். கூட்டம் வாயைப் பிளக்கும்.

"சிவப்புத் துணின்னு சொல்லிட்டான்யா."

"என் தலைத்துண்டுல இருக்கற பூவக்கூட எண்ணிட்டான்."

"எம் புருஷனுக்குக் கண்ணு ரெண்டும் திறந்துதான் இருக்கு, வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியல. அவரையும் சேத்துக்குவாங்களா?"

அந்தக் கூட்டத்தில் பூருலும் நின்றாள், பக்கத்தில் மகள் ஜிபெக்.

பூருல் நமுதாவில், அதாவது கம்பளியை அடித்து அமுக்கிய தடித்த துணியில், விரிப்பு செய்து விற்பவள். சிவப்பு நமுதா ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டையும் அடுக்கி, சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, கத்தியை வைப்பாள். ஆட்டுக்கொம்பும் இறக்கையும் அலையுமாக வெட்டு போகும். சிவப்பில் வெட்டிய கொம்பு கறுப்பின் குழியில் அப்படியே போய் உட்காரும். அளவுகோல் கிடையாது, மாதிரிப் படம் கிடையாது. முழு விரிப்பும் வெட்டுவதற்கு முன்பே அவள் தலைக்குள் விரிந்து கிடக்கும். இதற்குப் பெயர்தான் கற்பனை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சான்றிதழ் கொடுக்கவில்லை அல்லவா.

ஜிபெக் தாயைக் கொண்டிருந்தாள். எந்நேரமும் வரைவாள். குதிரைக்குக் கொக்கின் கால்களைப் போடுவாள். மலைக்குத் தொப்பி மாட்டுவாள். தேநீர்க் கெண்டியைத் தாயாக்கி, கிண்ணங்களைப் பின்னால் வரிசையாக நடக்க விடுவாள். நகரத்து ஓவியப் பள்ளியில் அவளைச் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. மனக்கண்ணையும் திறந்துவிட்டால் பிள்ளையைக் கையில் பிடிக்க முடியாது என்று பூருல் நினைத்தாள். அதில்தான் வந்தது வினை.

உஸ்தாத் ஜிபெக்குக்கு முகமூடி கட்டினார். கையில் அட்டையைக் கொடுத்தார்.

"என்ன நிறம், கண்ணு?"

"தெரியல."

"நிமிர்ந்து பாரு. மனசுல ஒரு படம் வருது பாரு."

"வரல. இருட்டா இருக்கு."

உஸ்தாத் சிரித்தார். முகமூடியைச் சரி செய்தார். மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். ஜிபெக் என்ன செய்வாள்? இருட்டாக இருந்தது, இருட்டு என்றாள். மற்றப் பிள்ளைகள் சிவப்பு, பச்சை, யானை, ஏழு என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

உஸ்தாத் பூருலைத் தனியே அழைத்து, இறந்தவர் வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார். "சகோதரி, மனச திடப்படுத்திக்கோங்க. உங்க பொண்ணுக்கு மனக்கண்ணு அடைச்சிருக்கு. கண்ணத் திறந்துகிட்டு வரைஞ்சு வரைஞ்சு அந்தப் படமெல்லாம் நெத்தியில போய் அடைச்சுகிச்சு. பென்சில பூட்டி வைங்க. ஓவியப் பள்ளிக்கூடம் நஞ்சு. அந்தப் பக்கமே போகாதீங்க. உயர்நிலை வகுப்புல சேருங்க, மெதுவாத் திறந்துடலாம்."

உயர்நிலை வகுப்புக்கு இரண்டு ஆடு.

பூருல் வீட்டுக்கு வந்து வண்ணப் பென்சில்களைச் சீர்ப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். ஜிபெக் அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டில் சோற்றைப் பரப்பி விரலால் எதையோ வரைவாள். தாய் பார்த்தால் உடனே கலைத்துவிடுவாள்.

அப்போதுதான் தமீரா வந்தாள். பூருலின் அண்ணன் மனைவி, பல் மருத்துவர். ஊரில் பாதிப் பேர் அவளுக்கு முன் வாயைத் திறந்திருக்கிறார்கள். அவளிடம் வாய் கொடுக்கத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. வரும்போதே கேட்டாள்.

"என்னடி, வீடு இவ்வளவு சுத்தமா இருக்கு? சுவத்துல ஒரு கிறுக்கலக் காணோம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

"மனக்கண்ணு அடைச்சிருக்கு, அண்ணி."

"எங்க அடைச்சிருக்கு? வாயத் திறக்கச் சொல்லு, பாக்கறேன்."

"எல்லாத்துக்கும் விளையாட்டுதானா உங்களுக்கு? பக்கத்து வீட்டு எல்தார் முதல் நாளே திறந்துட்டான். இதோ இருக்கான், பாருங்க."

எல்தார் உஸ்தாதின் முதல் மாணவன். பயிற்சி விடக்கூடாது என்று முகமூடியோடுதான் திரிந்தான். அன்று ஜிபெக்கோடு விளையாட வந்தவன், முகமூடியோடு தேநீருக்கு உட்கார்ந்திருந்தான். பூருல் பெருமையோடு வட்ட ரொட்டிகளைச் சாப்பாட்டு விரிப்பில் போட்டாள். அவசரத்தில் ஒரு ரொட்டி குப்புற விழுந்தது.

எங்கள் ஊரில் ரொட்டி குப்புறக் கிடக்கக் கூடாது. பூ அச்சுக் குத்திய முகம் மேலே பார்க்க வேண்டும். குப்புறக் கிடப்பதைப் பார்த்தால் கைக்குழந்தைகூடத் திருப்பி வைக்கும். சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் ரொட்டியைத் திருப்பி வைத்துவிட்டுச் சண்டையைத் தொடர்வார்கள். பழக்கம் அப்படி; யோசித்துச் செய்வதில்லை.

எல்தாரின் கை பாய்ந்து போய் ரொட்டியைத் திருப்பி வைத்தது.

"பாத்தீங்களா அண்ணி? கண்ணு கட்டியிருக்கு. எப்படித் தெரிஞ்சுது?"

தமீரா ரொட்டியைப் பார்க்கவில்லை. எல்தாரின் மோவாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கி நின்றது. பிறகு அவனுடைய நீளமான மூக்கைப் பார்த்தாள். அப்புறம் ஜிபெக்கின் சப்பை மூக்கைப் பார்த்தாள். ஒரு கிண்ணம் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"ஓவியப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளத் தேர்வு பண்றது என்னிக்கு?"

"நாளைக்குக் காலையில. ஆனா போகப் போறதில்ல. இன்னிக்குச் சாயங்காலம் உஸ்தாதோட பெரிய விழா. அதுல உயர்நிலை வகுப்புக்குப் பேர் குடுக்கறேன்."

"நானும் வரேன். நான் வைக்கற சோதனையில உன் உஸ்தாத் தேறிட்டார்னா இனிமே உன் வீட்டுல வாயத் திறக்க மாட்டேன். தேறலைன்னா, பென்சிலத் திருப்பிக் குடுத்துட்டு நாளைக்குக் காலையில பிள்ளையக் கூட்டிகிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போற. சரியா?"

அண்ணி வாயைத் திறக்காத வீடு! பூருல் அந்த ஆசையிலேயே சம்மதித்தாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜிபெக், தட்டுச் சோற்றில் தான் வரைந்ததைக் கலைக்காமல் விட்டாள்.

மாலையில் மண்டபம் பிதுங்கியது. மேடையில் நீண்ட மேசை. அதன்மேல் புலவுச் சோறு, இறைச்சி சம்சா, தேநீர்க் கெண்டிகள். மேசைக்குப் பின்னால் மனக்கண் திறந்த பிள்ளைகள் வரிசையாக, முகமூடியோடு, மோவாயைத் தூக்கிக்கொண்டு. தண்ணீர் குடிக்கும் கோழிகள் மாதிரி இருந்தார்கள். நடுவில் உஸ்தாத். உயரமான வெள்ளை நமுதாத் தொப்பி. அவரும் முகமூடி கட்டிக்கொண்டார். கண்ணைக் கட்டிய நிலையில் கிண்ணங்களில் தேநீர் ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"சந்தேகம் இருக்கறவங்க மேல வரலாம்," என்றார் உஸ்தாத். "சோதிக்கலாம். சத்தம் மட்டும் கூடாது. ஒரு சொல் விழுந்தாலும் மனசுல இருக்கற படம் கலைஞ்சிடும்."

தமீரா மேலே போனாள். கையில் ஒரு பை. அதிலிருந்து ரொட்டி ஒன்றை எடுத்து, மேசை மேல் மெதுவாகக் குப்புற வைத்தாள்.

நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. உஸ்தாதின் கைதான் முந்தியது. ரொட்டி நிமிர்ந்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. உஸ்தாதுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாத்தீங்களா? ரொட்டிக்கு ஒரு அவமரியாதைன்னா மனக்கண்ணு பொறுக்காது. எந்த மூலையில இருந்தாலும் கை தானாப் போயிடும்."

"அப்படியா, உஸ்தாத்?" தமீரா பணிவாகக் கேட்டாள். அவள் பணிவாகப் பேசினால் பல் பிடுங்கப் போகிறாள் என்று அர்த்தம். கூட்டத்தில் அது தெரிந்தவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டார்கள். "மனக்கண்ணு எந்த இடத்துல இருக்குன்னு சொன்னா இந்த மக்கு மண்டைக்கும் புரியும்."

"நெத்தியில இருக்கு, தாயே."

"நெத்தியில."

"ஆமா, நடு நெத்தியில. அதுக்கு மேல, கீழ, முன்னால, பின்னால எல்லாம் ஒண்ணுதான். சுவருக்கு அந்தப் பக்கம்கூடத் தெரியும்."

"அப்போ இன்னொரு தடவ சோதிச்சுக்கறேன். மூச்சுச் சத்தம்கூட வேண்டாம் இல்லையா?"

"கூடவே கூடாது," என்றார் உஸ்தாத்.

தமீரா கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். பையிலிருந்து இன்னொரு ரொட்டியை எடுத்தாள். பெரிய ரொட்டி, நடுவில் அழகான பூ. அதைக் குப்புறத் திருப்பி, இரண்டு கைகளிலும் ஏந்தி, உஸ்தாதின் நடு நெற்றிக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள்.

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் எல்லார் கையும் அரித்தது. குப்புற ரொட்டி! மேடையில், விளக்கு வெளிச்சத்தில், ஊரே பார்க்க! முன் வரிசையில் வெண்தாடி மம்பெத் பெரியவர், எழுந்து ஓடிவிடுவோமோ என்று பயந்து தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். பூருலின் கை தானாகவே காற்றில் எதையோ திருப்பியது. சாதாரணக் கண் உள்ள ஒரு மண்டபம் முழுக்கத் தவித்தது.

தவிக்காதவர்கள் மேடையில் இருந்த மனக்கண்காரர்கள் மட்டுமே. பிள்ளைகள் சாந்தமாக உட்கார்ந்திருந்தார்கள். உஸ்தாத் புன்னகை செய்தார்.

"என்னை ஏமாத்தப் பாக்கறீங்க, தாயே," என்றார். "நீங்க எதையுமே எடுத்து வைக்கல. எந்த ரொட்டியும் குப்புற இல்ல. எல்லாம் ஒழுங்கா இருக்கு."

பிள்ளைகள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

யாரோ வாய்க்குள் களுக்கென்று சிரித்தார்கள். தமீரா ரொட்டியை மெதுவாக இறக்கினாள். புருவத்துக்கு வந்தது. உஸ்தாத் அசையவில்லை. கண்ணுக்கு நேராக வந்தது. இன்னும் புன்னகைதான். மூக்கு நுனியைத் தாண்டியது. வாய்க்கு நேராக வந்ததும் உஸ்தாதின் கை வெடுக்கென்று நீண்டு ரொட்டியைப் பிடுங்கி, நிமிர்த்தி, மேசையில் வைத்தது.

"அப்பாடா," என்றார் மம்பெத் பெரியவர், தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டு. பிறகு ஒரு நொடி யோசித்தார். "ஏம்பா உஸ்தாத், நெத்தியிலன்னு சொன்ன. உம் மனக்கண்ணு மூக்குக்குக் கீழ இல்ல இருக்கு."

மண்டபம் சிரிப்பில் உடைந்தது.

உஸ்தாத் முகமூடியைக் கழற்றினார். "இது சரியில்ல. அவநம்பிக்கை அலை அடிக்குது. பல் டாக்டர் கையில மருந்து வாசனை இருக்கு. அது மனக்கண்ணுக்கு ஆகாது."

"வாசனைதானே? ஆகட்டும்," என்றாள் தமீரா. "எங்கிட்ட பஞ்சு இருக்கு, சுத்தமான பஞ்சு. மூக்குக்கு ரெண்டு பக்கமும் முகமூடிக்கு அடியில கொஞ்சம் வெச்சுக்கறேன். நெத்திய நான் தொடவே மாட்டேன். உங்க மனக்கண்ணு அங்கதானே இருக்கு? அதுக்கு இதனால என்ன நஷ்டம்? வாங்க."

"எனக்குப் பஞ்சு ஒத்துக்காது."

"பஞ்சு ஒத்துக்காத ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அதற்குள் எல்தார் தானே முன்னால் வந்து நின்றான். மேடையில் மறுபடி ஒருமுறை கைதட்டு வாங்கலாம் என்று அவன் கணக்கு. தமீரா பஞ்சு வைத்து முகமூடியைக் கட்டினாள். மம்பெத் பெரியவர் மேடையேறி, தன் தொப்பியைக் கழற்றி, எல்தாரின் இடுப்புக்கு நேராக நீட்டினார்.

"இது என்னடா, கண்ணு?"

எல்தார் மோவாயைத் தூக்கினான். இன்னும் தூக்கினான். கழுத்து ஒடிந்துவிடும் போல் தூக்கினான். பிறகு வியப்போடு சொன்னான்.

"ஜிபெக் சொன்ன மாதிரியே இருக்கு. இருட்டா இருக்கு."

தமீரா அவன் முகமூடியைக் கழற்றிவிட்டாள். "முன்னாடி எப்படித் தெரிஞ்சுது, எல்தார்?"

"மூக்கோரமா ஒரு சந்து இருக்கும், அத்தை. தலைய நிமித்தினா அதுல தெரியும். அப்படித் தெரியறதுதான் மனக்கண்ணுன்னு உஸ்தாத் சொன்னாரு. யாருகிட்டயும் சொன்னா மூடிக்கும்னும் சொன்னாரு." அவன் கண் கலங்கியது. "நான் பொய் சொல்லல."

"நீ பொய் சொல்லலடா. உனக்கு நீளமான மூக்கு. அதான் நீ மேதை ஆயிட்ட," என்று அவன் தலையைத் தடவினாள். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு மூக்கு சப்பை. முகமூடி கச்சிதமா உக்காந்துடுச்சு. அதான் மக்குன்னு பேரு. என் நாற்காலியில படுக்கறவங்களும் கண்ண மூடிக்கிட்டதாத்தான் நினைப்பாங்க, கீழ ஓரமாக் கொஞ்சம் திறந்திருக்கும். ஊசிய வயித்துப் பக்கமாக் கொண்டு வந்தா துள்ளுவாங்க. தலைக்குப் பின்னாலேருந்து கொண்டு வந்தா ஒருத்தரும் அசைய மாட்டாங்க. அத்தன பேருக்கும் மனக்கண்ணு திறந்திருக்கு, நான்தான் சான்றிதழ் குடுக்கல."

ஒருவர் கேட்டார்: "அப்போ எங்க ஆடு?"

அந்தக் கேள்விதான் உஸ்தாதைக் கிளப்பியது. பின்கதவைத் தேடிப் போனார். அங்கே கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள் அகப்பையோடு நின்றிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் வகுப்பில் படித்தவர்கள். நெற்றியில் கண் இருப்பவர் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் சமையல்காரர்களை எப்படிப் பார்க்காமல் விட்டார் என்பது இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகே அவருக்கு வாசல் தெரிந்தது.

இந்த அமளியில் பூருல் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். ஜிபெக் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நான் இருட்டுன்னு சொன்னேன்ல?"

"சொன்னடி."

"பின்ன ஏன் நம்பல?"

பூருல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்குப் போனதும் காலணியைக்கூடக் கழற்றாமல் சீர்ப்பெட்டியைத் திறந்தாள். பென்சில்களை எடுத்து மகள் மடியில் போட்டாள். பிறகு, பின்னாலேயே வந்திருந்த தமீராவைப் பார்த்துச் சொன்னாள்.

"இனிமே நீங்க எங்க வீட்டுல வாயத் திறக்கலாம், அண்ணி. கொஞ்சமாத் திறங்க."

மறுநாள் காலை ஓவியப் பள்ளியில் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, மனதில் இருப்பதை வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் மலை வரைந்தார்கள், குதிரை வரைந்தார்கள். ஜிபெக் உயரமான தொப்பி போட்ட ஒரு மனிதரை வரைந்தாள். கண் இருக்க வேண்டிய இடம் வெறும் சமவெளி. மூக்குக்குக் கீழே, மீசை இருக்க வேண்டிய இடத்தில், ஒரே ஒரு பெரிய கண், இமை மயிரோடு. அது கீழே இருந்த ஒரு ரொட்டியை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தது. தேர்வு செய்ய வந்த ஆசிரியை சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. இடம் கிடைத்தது என்று தனியே சொல்ல வேண்டுமா?

அந்தப் படம் ஊரெல்லாம் பரவியது. ரொட்டிக் கடைக்காரர்கள் அடுப்புக்கு மேல் ஒட்டிவைத்தார்கள். பூருல் அதைச் சிவப்பு நமுதாவில் வெட்டிக் கறுப்பில் பதித்து ஒரு விரிப்பே செய்துவிட்டாள். கண்ணைத் திறந்துகொண்டுதான் செய்தாள். வெளியூர்ப் பயணி ஒருவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது எந்தக் காலத்துச் சின்னம் என்று பக்தியோடு கேட்டார்.

"போன மாசத்துது," என்றாள் பூருல்.

உஸ்தாத் சும்மா இருக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு ஊரில், வேறொரு பேரில், வேறொரு மண்டபத்தில் இருக்கிறாராம். இப்போது முகமூடிக்கு அடியில் அவரே பஞ்சு வைக்கிறாராம். பிள்ளைகள் விரல் நுனியால் நிறத்தைப் பார்க்கிறார்களாம். நல்ல கூட்டமாம். எங்கள் ஊரிலிருந்துகூடச் சிலர் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். கையில் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போங்கள், சோதித்துப் பார்க்க உதவும். சோதிக்க மனம் இல்லையென்றால் வழியில் தின்னவாவது ஆகும். மூளையைத்தான் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்களே, வயிற்றையாவது காலியாக விடாதீர்கள்.